லென்ஸ் திருகியல்: சூத்திரமும் உரையும்

பாயிரம்

நூல் ஒன்று எழுதப் புகுந்தவன் சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் செய்தி சொல்லியாக வேண்டும் என்பது நன்னூலார் கட்டளை. சொல்லிவிடுகிறேன். ஆக்கியோன், ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றவன். அதற்குமேல் அவனைப் பற்றித் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. வழி: இது வழிநூல். முதல்நூல் கேமராப் பெட்டிக்குள் பல மொழிகளில் பொடி எழுத்தில் மடித்து வைக்கப்பட்டிருக்கும் தாள். அதைப் பெட்டியோடு சேர்த்து எறிந்துவிடுவது மரபு. எல்லை: வடக்கே எதிர்வீட்டுப் பால்கனி, தெற்கே நம் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டு. நூற்பெயர் மேலே உள்ளது. யாப்பு தளர்வானது, கடைசித் திருகாணி இறுகும்வரை அப்படித்தான் இருக்கும். நுதலிய பொருள், நெட்வொர்க் கேமராவின் லென்ஸைத் திருகித் தெளிவாக்குவதும், தெளியாவிட்டால் கழற்றி வேறொன்று போடுவதும். கேட்போர், வீட்டுக்காரர், கடைக்காரர், அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர் ஆகிய மூவர். பயன், திருடன் வந்தால் வந்தது திருடன் என்று தெரிவதோடு நில்லாமல், எந்தத் திருடன் என்றும் தெரிவது.

லென்ஸ் திருகுவது ஒளியியல் சிக்கல் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. அஃது அன்று, காலச் சிக்கல் என்பதே இந்நூலின் துணிபு. அதை நிறுவுமுன் கேமராவின் குலமரபைச் சற்றே பார்க்க வேண்டும்.

மரபியல்

வலையில் இணைத்த கேமராவின் வரலாறு காப்பியில் தொடங்குகிறது. 1991-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், ட்ரோஜன் அறையை ஒட்டி ஒரு காப்பிக் குடுவை இருந்தது. வேறு மாடிகளில் வேலை செய்தோர் படியேறி வந்து காலிக் குடுவையைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். இந்தத் துயரைப் போக்க, குடுவையைப் பார்த்தபடி ஒரு கேமராவை நிறுத்தி, படத்தை உள்வலையில் அனுப்பினார்கள். படம் 128-க்கு 128 புள்ளி, கறுப்பு வெள்ளை. 1993-ல் அது உலக வலைக்கு வந்தது. 2001-ல் நிறுத்தப்பட்டபோது, அங்கிருந்த காப்பி மெஷினை ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழின் இணையப் பிரிவு 3,350 பவுண்டுக்கு ஏலம் எடுத்தது.

இவ்வரலாற்றை எழுதியோர் ஒரு நுட்பத்தை விட்டுவிட்டார்கள். அந்தக் குடுவை கண்ணாடியால் ஆனது. உள்ளே எவ்வளவு மிச்சம் என்பது வெளியே தெரியும். நம்மூர் எவர்சில்வர் ஃபில்டரின் முன்னால் எத்தனை மில்லிமீட்டர் லென்ஸ் வைத்தாலும் டிகாக்‌ஷன் அளவு தெரியாது. மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஆகவே இக்கண்டுபிடிப்பு கும்பகோணத்தில் நிகழாமல் போனதற்கு அறிவுக் குறை காரணமன்று, பாத்திரமே காரணம் என்க.

கம்ப்யூட்டரின் துணையின்றித் தானே வலையில் நேராகப் போய் உட்காரும் கேமராவை 1996-ல் சுவீடனின் லுண்ட் நகரத்து ஆக்சிஸ் நிறுவனம் கொண்டுவந்தது. சிறிய படமென்றால் நொடிக்கு ஒன்று தரும். பெரிய படமென்றால் 17 நொடிக்கு ஒன்று. இந்த 17 நொடியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். லென்ஸைத் தொட்டுவிட்டு, தொட்டதன் பலனை அறிய 17 நொடி காத்திருந்த அந்த முதல் தலைமுறைத் தொழிலாளருக்கு எந்த ஊரிலும் சிலை வைத்ததாகத் தெரியவில்லை.

இனி, இவ்வுயிர் எந்த வகுப்பைச் சேர்ந்தது? உயிர்களை அறிவின் அளவால் ஆறாகப் பகுத்த தொல்காப்பியர் மெய், நாக்கு, மூக்கு, கண், செவி, மனம் என்ற வரிசை வைத்தார். கண் பெற்றது முதல் மூன்றையும் பெற்றே இருக்கும் என்பது அவர் வகுப்பின் அடிப்படை. கேமராவுக்கு ஊறு உணர்ச்சி இல்லை, சுவை இல்லை, நாற்றம் இல்லை. எடுத்த எடுப்பில் நான்காம் அறிவில் பிறக்கிறது. மைக் வைத்த மாடல் ஐந்தாம் அறிவையும் எட்டும். 'ஏஐ' என்று பெட்டியில் அச்சிட்ட மாடலுக்கு ஆறாவதும் உண்டு என்பது விற்பவர் மதம். முருங்கைக் கிளை ஆடியதற்கு 'மனிதர் நுழைந்தார்' என்று நள்ளிரவில் போனை எழுப்பும் ஒன்றை நாம் மக்கட் சாதியில் சேர்க்க உடன்படோம்.

ஏ.கே. விஸ்வநாதன் சென்னை மாநகரக் காவல் ஆணையராக இருந்த 2017–2020 காலத்தில், 'மூன்றாவது கண்' என்ற பெயரில் கேமராக்கள் தெருத்தெருவாகப் பரவின. கடைக்காரர்களும் குடியிருப்போர் சங்கங்களும் தங்கள் காசில் வாங்கி மாட்டினார்கள். எந்தத் தெருவில் எத்தனை என்ற கணக்கு பெருமையாகப் பேசப்பட்டது. அவற்றில் எத்தனை கண் தெளிவாகப் பார்க்கிறது என்ற பேச்சு மட்டும் என் காதில் விழுந்ததில்லை. இந்நூல் எழுந்ததற்கு அந்த மௌனமே காரணம்.

அளவியல்

இத்துறையின் அளவுகளில் முதற்பொய் அங்குலம். கேமராவுக்குள் ஒளி விழும் சிப்புக்கு '1/3 அங்குலம்' என்று பெயர். ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு எட்டரை மில்லிமீட்டர் வர வேண்டும். சிப்பின் அகலம் 4.8, உயரம் 3.6, மூலைக்கு மூலை அளந்தாலும் ஆறு மில்லிமீட்டர்தான். மிச்சம் எங்கே என்றால், பழைய டெலிவிஷன் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தைச் சொல்லியே படத்தின் அளவைக் குறிக்கும் பழக்கம் இருந்தது. குழாய் ஒழிந்தது, பழக்கம் ஒழியவில்லை. பூக்காரம்மாவின் கையால் அளந்த முழத்துக்கு நம் கையால் அளந்து கணக்குக் கேட்க முடியாததுபோல், சிப்புக்காரரிடமும் கேட்க முடியாது.

லென்ஸின் எண்கள் நேர்மையானவை. 2.8, 4, 6, 8, 12 எல்லாம் குவியத் தூரம், மில்லிமீட்டரில். எண் சிறுத்தால் பார்வை அகலும். பெருத்தால் குறுகும், ஆனால் தொலைவில் இருப்பது பெரிதாகும். கணக்கு சிறு பிள்ளையும் போடக்கூடியது. சிப்பின் அகலத்தைத் தூரத்தால் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். பத்து மீட்டர் தொலைவில் 4 மில்லிமீட்டர் லென்ஸ் 12 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். 2.8 போட்டால் 17 மீட்டர். 12 போட்டால் வெறும் 4 மீட்டர்; ஒரு கேட், அதற்குமேல் ஒன்றுமில்லை.

இங்கேதான் வீட்டுக்காரர் நுழைகிறார்.

"வாசல் முழுக்கத் தெரியணும் தம்பி. அப்படியே தெருமுனையும் தெரியணும். வர்ற வண்டி நம்பர் படிக்கிற மாதிரி இருக்கணும்."

"அதுக்கு மூணு கேமரா வேணும் சார்."

"ஒண்ணு போதும். நல்லா திருகிப் பாருங்க."

இதனை அகல ஆசை என்க. இதற்கு மருந்து திருகுவதில் இல்லை. இரண்டு மெகாபிக்சல் கேமராவில் குறுக்குவாட்டில் இருப்பவை 1920 புள்ளிகள். 12 மீட்டருக்குப் பங்கிட்டால் மீட்டருக்கு 160. 17 மீட்டருக்குப் பங்கிட்டால் 112. லென்ஸ் புள்ளிகளைப் பெற்றுப் போடாது. இருப்பதைப் பரிமாறும், அவ்வளவே. கண்காணிப்புக் கேமராக்களுக்கான சர்வதேசத் தரம், ஐஇசி 62676-4, இதற்கு வகுத்த படிநிலைகளில் நான்கு நமக்குப் போதும். மீட்டருக்கு 25 புள்ளி இருந்தால் ஏதோ வந்தது என்று தெரியும். 62 இருந்தால் வந்தது ஆள்தான், சட்டை கோடு போட்டது என்பது வரை தெரியும். 125 இருந்தால், நமக்கு முன்பே பழக்கமானவராயின் "அட, இவனா!" என்று சொல்லலாம். முன்பின் அறியாதவரையும் ஐயமறக் காட்ட வேண்டுமானால் 250. நம் வீட்டுக்காரரின் ஆசை பத்து மீட்டரில் 2.8 மில்லிமீட்டர், கிடைப்பது 112. அதாவது, சொந்தக்காரர் திருடினால்கூட 'அட, இவனா'வுக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும்.

மாற்றியல்

லென்ஸ் போதாது என்று முடிவானால் மாற்ற வேண்டியதுதான். மாற்றத்தக்கவற்றில் இரு குலம் உண்டு: சி, சிஎஸ். இரண்டுக்கும் ஒரே விட்டம், ஒரு அங்குலம். இரண்டுக்கும் ஒரே மரை, அங்குலத்துக்கு 32. எனவே எதுவும் எதிலும் சத்தமில்லாமல் ஏறிக்கொள்ளும். இந்த இணக்கம்தான் ஆபத்து. பொருந்தாதது பொருந்தாமல் இருந்தால் மனிதன் பிழைத்துக்கொள்வான்.

வேறுபாடு ஆழத்தில் உள்ளது. லென்ஸ் உட்காரும் விளிம்பிலிருந்து சிப்புவரை சி வகைக்கு 17.526 மில்லிமீட்டர்; சிஎஸ் வகைக்கு 12.526. சரியாக ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம். சி லென்ஸை சிஎஸ் கேமராவில் போட ஐந்து மில்லிமீட்டர் வளையம் ஒன்று வேண்டும். அந்த வளையம் சில பெட்டிகளில் கூடவே வரும். வாஷர் என்று எண்ணி யாரோ எடுத்து வைப்பார். தேவைப்படும் நாளில் அது வீட்டில் எங்குமே இராது. வளையம் இல்லாமல் போட்டால் படம் தெளியாது. போதாததற்கு லென்ஸின் வால் உள்ளே இருக்கும் வடிகட்டியில் இடிக்கவும் கூடும்.

எதிர்ப்பிழை இன்னும் சுவையானது. சிஎஸ் லென்ஸை சி கேமராவில் போட்டால் லென்ஸ் ஐந்து மில்லிமீட்டர் தள்ளிப்போய் உட்காரும். 4 மில்லிமீட்டர் லென்ஸ் என்று கொண்டு பள்ளிக்கூட லென்ஸ் வாய்பாட்டில் எண்களைப் போட்டால், லென்ஸுக்கு முன்னால் சுமார் ஏழு மில்லிமீட்டரில் இருக்கும் பொருள் மட்டும் தெளிவாகத் தெரியும் என்று விடை வருகிறது. அதாவது, தெருவில் நடப்பது ஒன்றும் தெரியாது. லென்ஸின் விளிம்பில் ஏறி நிற்கும் எறும்பின் முகம் நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கும் அளவுக்கு விளங்கும்.

மலிவான புல்லட் கேமராக்களில் இந்த இரு குலமும் இல்லை. உள்ளே இருப்பது எம்12 என்னும் பொடி லென்ஸ்: 12 மில்லிமீட்டர் விட்டம், அரை மில்லிமீட்டர் மரை இடைவெளி. இதற்கு இத்தனை ஆழம் என்ற விதி இல்லை. தெளியும் இடம்வரை திருகுவதே விதி. பக்கவாட்டில் ஒரு குட்டித் திருகாணி பிடித்திருக்கும், அல்லது தொழிற்சாலையில் ஒரு சொட்டுப் பசை வைத்திருப்பார்கள். பசை என்பது 'இதைத் தொடாதே' என்று தயாரிப்பாளர் எழுதிய சூத்திரம். தொடுவது என்பது நாம் எழுதும் உரை.

சின்ன சிப்புக்காகச் செய்த லென்ஸைப் பெரிய சிப்பின்மேல் வைத்தால் மூலைகள் இருண்டு, படம் கிணற்றுக்குள் பார்த்ததுபோல் வட்டமாகும். இதை ஒரு வரியில் கடந்துவிடலாம். பார்த்தவுடன் தெரியும் குற்றத்துக்கு உரை எதற்கு?

லென்ஸ் மாற்றுவோரின் ஆதிபுருஷர் யார் என்ற வினாவுக்கு ஒளியியல் நூல்களில் விடை கிடைக்காது; பெரியபுராணத்தில் கிடைக்கும். காளத்தியில் இறைவன் கண்ணில் குருதி வழிந்தபோது கண்ணப்பர் தம் கண்ணை எடுத்து அப்பினார். மற்றக் கண்ணிலும் குருதி வந்தது. இருக்கும் ஒரு கண்ணையும் எடுத்துவிட்டால் அப்ப வேண்டிய இடம் தெரியாது என்று, முதலிலேயே அவ்விடத்தில் தம் காலை ஊன்றி அடையாளம் வைத்துக்கொண்டார். அந்த அன்பைப் பாடியோர் பாடிவிட்டார்கள். கழற்றுவதற்கு முன் இடத்தைக் குறித்துக்கொண்ட தொழில் ஒழுங்கைப் பாராட்டுவது இந்நூலின் கடனாகிறது. இன்றைய டெக்னீசியன் ஏணியில் ஏறியதும் பழைய லென்ஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, "முன்னாடி எந்தப் பக்கம் பார்த்துட்டு இருந்துச்சு சார்?" என்று கேட்கிறார். பழைய காட்சியை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, வளையம் நின்ற இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால் இக்கேள்வி எழாது. கழற்றிய பின் கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடிக்க வேண்டும் என்பதும் அவ்வொழுங்கின்பாற்படும். மேல்நோக்கிப் பிடித்தால் ஊர்ப் புழுதி சிப்பின்மேல் உட்கார்ந்து, பிறகு எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் மேகமாக நிற்கும். வேட்டி நுனியால் லென்ஸைத் துடைப்பதை நாம் கண்டிக்கிறோம். மேற்பூச்சு போய்விடும். வேட்டிக்கு ஒன்றும் ஆகாது.

திருகியல்

இனி நூலின் உயிர்நிலை.

'ஏணி மேலோன் காணான் திருகும்;
காணும் கீழோன் திருகான் கூவும்;
இடைப்படு நொடியே பிழையெனப் படுமே.'

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், ஃபோகஸ் தப்புவதற்கு ஏது கூறுதல் நுதலிற்று. மேலே இருப்பவருக்குக் கை உண்டு, படம் தெரியாது. கீழே இருப்பவருக்குப் படம் தெரியும், கை எட்டாது. சாங்கிய நூலார் குருடனும் முடவனும் கூடி வழி நடந்த நியாயம் ஒன்று சொல்வர். அங்கே முடவன் குருடனின் தோள்மேல் இருந்தான். சொன்னது உடனே காதில் விழுந்தது. இங்கே கண்ணுக்கும் கைக்கும் நடுவில் ஒரு நெட்வொர்க் இருக்கிறது. சாங்கியர் எண்ணிய தத்துவங்கள் இருபத்தைந்து. தாமதம் அவற்றில் இல்லை.

அஃது எவ்வாறெனின்: கேமரா படத்தைப் பிடித்து, சுருக்கி, பொட்டலமாகக் கட்டி, கேபிளில் அனுப்பி, அது சுவிட்சைக் கடந்து, சில வேளை வெளியூர் சர்வருக்குப் போய்த் திரும்பி, போனுக்கு வந்து, விரிந்து காட்சியாகிறது. வீட்டுக்குள்ளேயே பார்த்தால் தாமதம் குறைவு. கைபேசிச் செயலி வழியாக வெளியே சுற்றி வந்தால் இரண்டு மூன்று நொடி எளிதாகப் போய்விடும். கீழே நிற்பவர் பார்ப்பது இப்போதைய லென்ஸை அன்று, சற்று முன் இருந்த லென்ஸை. அதைப் பார்த்து அவர் இடும் கட்டளை இனிமேல் இருக்கப்போகும் லென்ஸுக்கு. பழைய கோஆக்சியல் கேபிள் கேமராக்களில் இத்தொல்லை கிடையாது. திருகத் திருகவே மானிட்டரில் மாறும். அதனால்தான் அக்காலத்துக்காரர்கள் "நாங்க அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருவோம்" என்கிறார்கள். திறமை அன்று அது, கேபிள்.

எவ்வளவு திருக வேண்டும் என்று கணக்கிட்டால் விஷயத்தின் கொடுமை விளங்கும். 4 மில்லிமீட்டர் எம்12 லென்ஸ். தொலைதூரத்துக்குத் தெளிவாக வைத்திருக்கிறோம். சிப்பிலிருந்து 4 மில்லிமீட்டர். அதை இரண்டு மீட்டரில் இருக்கும் கேட்டுக்குத் தெளிவாக்க 4.008 ஆக்க வேண்டும். நகர்வு எட்டு மைக்ரான். ஒரு முழுச் சுற்று அரை மில்லிமீட்டர், அதாவது 500 மைக்ரான். ஆக, தெருமுனைக்கும் வாசற்படிக்கும் இடையே உள்ள முழுப் பயணமும் ஆறு பாகைக்குள் முடிந்துவிடுகிறது. கடிகாரத்தில் விநாடி முள் ஒரு தாவு தாவும் தூரம். 12 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் இதே வேலைக்கு ஐம்பது பாகைக்குமேல் திருகலாம். கைக்கு இடம் உண்டு. ஈடாக, 4 மில்லிமீட்டர் லென்ஸில் தெளிவின் ஆழம் அதிகம். சிறு பிழையை அது பொறுத்துக்கொள்ளும், 12 பொறுக்காது.

இந்த ஆறு பாகைக்குக் கீழேயிருந்து வரும் கட்டளைகள் எந்த அளவையில் வருகின்றன? "லேசா", "துளியூண்டு", "கொஞ்சூண்டு", "ஒரு நூல்". இவற்றுள் கடைசியதற்கு மட்டும் தச்சரும் கொத்தனாரும் ஏற்ற வரையறை உண்டு: அங்குலத்தில் எட்டில் ஒன்று. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள லென்ஸின் விளிம்பில் ஒரு நூல் நகர்த்தினால் முப்பது பாகை ஆகிறது. வேண்டியதைப்போல் ஐந்து மடங்கு. கட்டளையை ஒழுங்காக நிறைவேற்றியதாலேயே டெக்னீசியன் தெருமுனையைத் தாண்டி எங்கோ போய்விடுகிறார்.

உரையாடல் பெரும்பாலும் இவ்வாறு அமையும்:

"இன்னும்... இன்னும்... ஆங், நல்லா வருது... அப்படியே நிறுத்து! அய்யய்யோ, போச்சு. திரும்பு."

"எந்தப் பக்கம் சார்?"

"வந்த பக்கம்."

"வலதா இடதா சார்?"

"என் வலதா, உன் வலதா?"

'நிறுத்து' என்ற சொல் எழுந்தபோது கை ஏற்கெனவே இரண்டு நொடி முன்னே போய்விட்டது. திரும்பும்போதும் அதே இரண்டு நொடி. ஆகவே தெளிவு ஊசல்போல் வந்து வந்து போகிறதே தவிர நிற்கிறதில்லை. செய்ததன் விளைவு தாமதித்துத் தெரியும் எந்த ஏற்பாடும் இப்படி ஆடும் என்பது கட்டுப்பாட்டுப் பொறியியலின் பாலபாடம். வெந்நீர்க் குழாயைத் திருகிக் குளிப்பவர் அனைவரும் அதைப் படித்தவரே.

தீர்வு மூன்று கூறுவர். சிறு டெஸ்ட் மானிட்டரை மணிக்கட்டில் கட்டி, கண்ணைக் கையருகே கொண்டுபோவது ஒன்று. இதுவே சிறந்தது. கருவி இல்லாதவர் போனை ஒரு கையில் பிடித்து, மறு கையால் திருகி, இன்னொரு கையால் ஏணியைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பர் சிலர். பன்னிரு கை வேலவன் ஒருவனுக்கே இது கூடும். மூன்றாவது நம் மதம்: ஒரு மயிரிழை திருகுக, கையை எடுக்க, இரண்டு மூச்சு விடுக, பின் வினவுக. கையை எடுப்பது இன்றியமையாதது. டெக்னீசியனின் தலையும் முழங்கையும் படத்தில் பாதியை மறைத்திருக்கும்போது, கீழே இருப்பவர் அவருடைய காதைப் பார்த்துத்தான் 'தெளிவு' என்கிறார்.

2.8–12 என்று எழுதிய வேரிஃபோகல் லென்ஸில் இரண்டு பிடிகள் இருக்கும். ஒன்றின் அருகே டபிள்யூ, டி. மற்றதன் அருகே என், எஃப். முன்னது பார்வையை அகலமாக்கும், குறுக்கும். பின்னது கிட்டத்துக்கும் தூரத்துக்கும் தெளிவைத் தள்ளும். முதலில் முன்னது, பிறகு பின்னது. மாற்றிச் செய்தால், கஷ்டப்பட்டுப் பெற்ற தெளிவு அகலத்தைத் தொட்ட கணமே கலைந்துவிடும்.

எதைப் பார்த்துத் திருகுவது? மேலைநாட்டார் சீமன்ஸ் நட்சத்திரம் என்று கறுப்பு வெள்ளைக் கதிர்கள் விரியும் அட்டை ஒன்று வைத்திருக்கிறார்கள். நம்மிடம் தினசரிக் காலண்டர் இருக்கிறது. கேட்டில் மாட்டினால் போதும். தேதி எண் ஐந்து சென்டிமீட்டர் உயரம். மீட்டருக்கு 250 புள்ளி என்ற உயர்ந்த படிநிலையில்கூட அதற்குப் பன்னிரண்டு புள்ளிதான் கிடைக்கும். தேதி வாசிக்க வந்தால் திருகியது போதும். "ராகு காலம் தெரியலையே" என்று சிலர் மேலும் திருகச் சொல்வார்கள். அந்த எழுத்து ஒரு புள்ளியைவிடச் சிறியது. மேலும் திருகினால் ராகு காலம்தான் வரும்.

போனில் நான்கு கட்டமாகப் பார்க்கும்போது செயலி பெரும்பாலும் தரம் குறைந்த துணைப்படத்தையே காட்டும். அதில் எல்லாமே தெளிவாகத்தான் இருக்கும். மங்கலைக் காட்டும் அளவுக்குக்கூட அதில் புள்ளி இல்லை. ஒற்றைக் கட்டமாக்கி, எச்டி என்பதை அழுத்திய பிறகே தீர்ப்பு வழங்க வேண்டும்.

பொழுதியல்

சிறுபொழுது ஆறு: வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம். டெக்னீசியன் வருவது நண்பகலில். லென்ஸ் திருகத் தகாத பொழுதும் அதுவே.

தானியங்கி ஐரிஸ் உள்ள லென்ஸ், உச்சி வெயிலில் கண்பாவையைச் சுருக்கிக்கொள்ளும். துளை சிறுத்தால் தெளிவின் ஆழம் கூடும். கிட்டமும் தூரமும் எல்லாம் துலக்கமாகத் தெரியும். திருகியது சரியா தவறா என்பதே புலப்படாது. இரவில் துளை விரியும். ஆழம் சுருங்கும். பகலில் மறைந்திருந்த பிழை அப்போது வெளியே வரும். எனவே மாலையே இத்தொழிலுக்குரிய பொழுது. வெளிச்சம் குறைந்து, ஆனால் ஆளுக்கு ஏணி தெரியும் அந்தக் கொஞ்ச நேரம். நண்பகல்தான் கிடைக்கும் என்றால் லென்ஸின் முன் கருங்கண்ணாடி வடிகட்டி பிடித்துப் பொய்யாக ஒரு மாலையை உண்டாக்கலாம். விலை குறைந்த கேமராக்களில் ஐரிஸ் அசையாது. அவற்றுக்கு இவ்விதி பொருந்தாது.

ஆனால் அடுத்த விதி எல்லாவற்றுக்கும் பொருந்தும். இருட்டியதும் கேமராவுக்குள் 'டக்' என்று ஒரு ஒலி. சிப்பின் முன்னால் இருந்த அகச்சிவப்பு வடிகட்டி விலகுகிறது. சுற்றியுள்ள விளக்குகள் 850 நானோமீட்டர் அலைநீளத்தில் எரியத் தொடங்குகின்றன. மனிதக் கண்ணுக்கு ஏறக்குறைய 700-ஓடு கடை கட்டியாகிவிடும். நீண்ட அலை கண்ணாடியில் குறைவாக வளையும். சற்றுத் தள்ளிக் குவியும். இதற்கெனத் திருத்திச் செய்த லென்ஸ் இல்லையென்றால், பகலில் பாடுபட்டுக் கொண்டுவந்த தெளிவு இரவில் சிப்புக்குப் பின்னால் போய் விழுகிறது. திருடர் பெரும்பாலும் யாமத்தை விரும்புவர் என்பதை நோக்க, பகல் தெளிவு யாருக்காக என்ற ஐயம் எழுகிறது. பால்காரருக்காக என்பது விடை.

ஒழிபியல்

விடுபட்டவை சில. டோம் கேமராவில் மூடியைக் கழற்றித் திருகி, மூடியைப் போட்டதும் தெளிவு மாறும். அந்தப் பிளாஸ்டிக்கும் ஒளியை வளைக்கிறது. மூடியைப் போட்டபின் ஒருமுறை பார்க்காத வேலை வேலையன்று. மூடியில் கைரேகை பட்டால் இரவு விளக்கில் அது பால்போல் வெளுக்கும்.

கடை வாசலில் கேமராவுக்கும் திருஷ்டிப் பூசணிக்கும் ஒரே ஆணி கொடுக்கும் வழக்கம் உள்ளது. பொல்லாத பார்வையைத் தடுப்பது பூசணியின் வேலை. கேமராவின் பார்வையையும் அது பாகுபாடின்றித் தடுக்கிறது.

மோட்டார் வைத்த லென்ஸ்கள் வந்துவிட்டன. ஏணியே வேண்டாம், போனிலேயே திருகலாம் என்பர் பின்னைக்காலத்தார். உண்மை. கையும் கண்ணும் ஒருவரிடமே வந்துவிட்டன. தாமதம் மட்டும் அங்கேயே இருக்கிறது. முன்பு இருவர் கத்தினார்கள், இப்போது ஒருவர் தன்னையே திட்டிக்கொள்கிறார்.

எதிர்வீட்டுப் பால்கனியை வட எல்லை என்று பாயிரத்தில் வைத்தோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார்கள். அகலப் பிடியை ஒரு மயிரிழை அதிகம் தள்ளினால் அவ்வீட்டுக் கொடியில் உலரும் துணிமணியெல்லாம் நம் ஹார்ட் டிஸ்க்கில் ஏறும். கேமராவின் அமைப்பில் அப்பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைக்கும் வசதி உண்டு. மறைத்துவிட்டு, மறைத்ததை எதிர்வீட்டாருக்குப் போனில் காட்டியும் விடுவது நல்லது. ஏனெனில் ஏணி அவர்களுடையது.

கடைசியாக, பூட்டுத் திருகாணி. இதை இறுக்கும்போது லென்ஸ் லேசாக நகரும். அந்த லேசு ஆறு பாகையைவிடப் பெரிதாக இருக்கலாம். இறுக்கியபின் பாருங்கள். இருட்டியபின் இன்னொரு முறை பாருங்கள். அதுவரை எதிர்வீட்டு ஏணியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.